வெளிநாட்டு உறவினரிடம் முதல் கேட்பதா, ஆர்டர் கேட்பதா?

வெளிநாடுகளில் வாழும் நம் மக்கள் 2022-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு அனுப்பிய பணம் 11,000 கோடி டாலருக்கும் அதிகம் என்பது உலக வங்கியின் கணக்கு. அதற்கு முன் எந்த நாட்டுக்கும் ஒரே ஆண்டில் இவ்வளவு தொகை வந்ததில்லை. இதில் பெரும்பகுதி குடும்பச் செலவு, வீடு, நகை, பிள்ளைகள் படிப்பு, திருமணம் என்று கரைந்துவிடுகிறது. அந்தச் செலவில் ஒரு பங்கு நம் கடைக் கல்லாவுக்கும் வருகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தொழில் வளர்ச்சிக்கென்று வருவது சொற்பமே.

அரசாங்கமும் இவர்களிடம் பணம் கேட்டதுண்டு. 1998-இல் பொக்ரான் சோதனைக்குப் பின் பொருளாதாரத் தடைகள் வந்தபோது, ஸ்டேட் வங்கி ‘ரீசர்ஜென்ட் இந்தியா’ பத்திரங்களை வெளியிட்டு 420 கோடி டாலர் திரட்டியது. 2000-இல் இன்னொரு திட்டத்தில் 550 கோடி டாலர் வந்தது. பாசம் ஒரு காரணம்தான். நல்ல வட்டியும், பெரிய வங்கியின் பெயரும் கூடவே இருந்தன. நாம் மைத்துனரிடமோ சித்தப்பா மகனிடமோ கேட்கும்போது அந்த உத்தரவாதம் நம்மிடம் இல்லை. கணக்கு கேட்டால் நமக்குக் கோபம், கேட்காவிட்டால் அவருக்குச் சந்தேகம். இரண்டு தீபாவளி கழிவதற்குள் உறவே கசந்துபோன குடும்பங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

எனவே முதலில் கேட்க வேண்டியது பணமல்ல, ஆர்டர் என்பது நம் கருத்து.

லண்டன் ஈஸ்ட் ஹாம், பாரிஸ் லா சப்பெல், கனடாவின் ஸ்கார்பரோ ஆகிய இடங்களில் தமிழ் மளிகைக் கடைகள் இருக்கின்றன. இவற்றில் பலவற்றை நடத்துவோர் ஈழத்திலிருந்து சென்ற தமிழர்கள். சிங்கப்பூர் சிராங்கூன் சாலை, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே விலைபோவது நாம் அன்றாடம் நிறுத்துக் கொடுக்கும் சரக்குதான்: இட்லி அரிசி, அப்பளம், வடகம், நல்லெண்ணெய், புளி, பொடி வகைகள். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை விதித்ததும், அமெரிக்காவில் இந்தியக் கடைகள் முன் மக்கள் வரிசையில் நின்றார்கள். சில கடைகள் ஆளுக்கு ஒரு மூட்டை என்று கட்டுப்பாடு வைத்தன. தடை 2024 செப்டம்பரில் நீங்கியது. ஊர்ச் சரக்குக்கு அங்கே எவ்வளவு தேவை இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம்மில் பெரும்பாலோரால் ஒரு 20 அடி கண்டெய்னரைத் தனியாக நிரப்ப முடியாது, நிரப்பவும் வேண்டாம். சென்னையிலும் தூத்துக்குடியிலும் பல ஊர்ச் சரக்கைச் சேர்த்து அனுப்பும் ஏற்றுமதி வணிகர்கள் இருக்கிறார்கள். இருபது பெட்டி பருப்புப் பொடியை அவர்களிடம் கொடுத்துத் தொடங்கலாம். உறவினரிடம் நாம் கேட்க வேண்டிய உதவி இங்கேதான் வருகிறது. அவர் தம் வீட்டருகே உள்ள கடைக்குப் போய், நம்மைப் போன்றோரின் சரக்கு அங்கே என்ன விலைக்கு, எத்தனை கிராம் பாக்கெட்டில் விற்கிறது, இறக்குமதி செய்தவர் பெயர் லேபிளில் என்ன என்று பார்த்துச் சொன்னால் போதும். இந்த அரைமணி நேர வேலை ஒரு லட்ச ரூபாய்க் கடனைவிட நமக்குப் பயன்படும்.

லேபிள் என்றதும் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பது நமக்குத் தெரிந்த சங்கதி. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் கோதுமை, எள், கடுகு, நிலக்கடலை ஆகியவை ஒவ்வாமைப் பொருள்கள். சேர்மானப் பட்டியலில் அவை தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். அமெரிக்காவிலும் 2023 ஜனவரி முதல் எள் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. கனடாவுக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் வேண்டும்; வளைகுடா நாடுகளுக்கு அரபு வேண்டும். நம் இட்லிப் பொடியில் எள்ளும் பெருங்காயமும் இருக்க, லேபிளில் ‘மசாலாப் பொருள்கள்’ என்று மட்டும் போட்டு அனுப்பினால் சரக்கு துறைமுகத்திலேயே நின்றுவிடக்கூடும்.

அதைவிடக் கடுமையானது பரிசோதனை. 2020-இல் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக ஐரோப்பாவில் கண்டுபிடித்துச் சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். 2024-இல் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் இதே காரணத்தால் பெயர் பெற்ற மசாலாக்களே சிக்கின. ஈரத்தோடு மூட்டை கட்டிய மிளகாயில் பூஞ்சை நச்சு வரும். ஆகவே மண்டியில் வாங்கும்போதே எந்த ஊர்ச் சரக்கு, யாரிடம் வாங்கியது என்று எழுதி வைப்பது அவசியம்.

நாமே நேரடியாக அனுப்புவதானால் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், உணவுப் பாதுகாப்புத் துறையின் மத்திய உரிமம், மசாலாவுக்கு ஸ்பைசஸ் போர்டு பதிவு, அப்பளம் ஊறுகாய்க்கு அபேடா பதிவு ஆகியவை தேவை. பணம் வங்கி வழியாக மட்டுமே வர வேண்டும். உண்டியலில் வந்தால் கைக்குச் சீக்கிரம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது சட்ட விரோதம். ஏற்றுமதிக் கணக்கில் சரக்கு போனதாகவும் பணம் வராததாகவும் நிற்கும். உறவினர் கடையே ஆனாலும் பாதித் தொகை முன்பணமாகவும், மீதி கப்பல் ரசீது நகலைக் காட்டியதும் என்று எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும். ஊர்ப் பழக்கத்தில் பாக்கி வைத்தால், வசூலுக்கு விமானம் ஏறவா முடியும்?

இப்படி ஓரிரு ஆண்டு சரக்கு ஒழுங்காகப் போய்வந்த பிறகு, கேட்காமலே முதல் போட முன்வரும் உறவினரும் உண்டு. வெளிநாடுவாழ் இந்தியர் நம் கூட்டு வணிகத்தில் பணம் போடச் சட்டம் இடம் தருகிறது. விவசாயம், தோட்டம், நில வாணிபம், அச்சு ஊடகம் ஆகியவற்றில் மட்டும் கூடாது. பணம் வங்கி மூலமோ அவருடைய என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்தோ வர வேண்டும். இந்த முறையில் போட்ட முதலை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லும் உரிமை இல்லை. பங்கு பிரித்தால் தொகை அவருடைய என்.ஆர்.ஓ. கணக்கில்தான் சேரும். இதை ஆடிட்டர் முன்னிலையில் அவருக்கு விளக்கிச் சொன்ன பிறகே பத்திரம் எழுத வேண்டும்.