மூச்சு மெதுவாகும்போது

மூச்சை அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். சிறிது நேரத்தில் நெஞ்சு முட்டும். பிறகு நாம் விரும்பாவிட்டாலும் மூச்சு தானாக இழுபடும். ஒட்சிசன் தீர்ந்துவிட்டதால்தான் இப்படி ஆகிறது என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் ஆரோக்கியமான ஒருவரின் குருதியில் அந்நேரமும் போதிய ஒட்சிசன் இருக்கும். நம்மை அவசரப்படுத்துவது, வெளியேற வழியின்றிச் சேர்ந்துவிட்ட காபனீரொட்சைட்டுத்தான்.

காபனீரொட்சைட்டு கூடும்போது குருதியின் அமிலத்தன்மையும் கூடுகிறது. நீள்வளைய மையவிழையத்திலும் கழுத்து நாடிகளிலும் உள்ள இரசாயன வாங்கிகள் இம்மாற்றத்தை உணர்கின்றன. உடனே பிரிமென்றகட்டுக்கும் விலா என்புகளுக்கிடையிலான தசைகளுக்கும் கட்டளை செல்கிறது. நாம் உறங்கும்போதும் நம்மைக் காக்கும் தெறிவினை இது.

இனிப் பரீட்சை மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வினாத்தாளைக் கண்டதும் பதற்றத்தில் சிலருக்கு மூச்சு வேகமாகும். தேவைக்கு மேல் காபனீரொட்சைட்டு வெளியேறிவிடும். அப்போது மூளையின் குருதிக்குழாய்கள் ஒடுங்குவதால் தலை சுற்றும். விரல் நுனிகள் விறைக்கும். மூச்சு போதவில்லை என்று பயந்து இன்னும் வேகமாக மூச்செடுப்பார்கள். இந்நிலையில் "நல்லா இழுத்து மூச்செடு" என்று சொல்வது உதவாது. மெதுவாக வெளியே விடச் சொல்வதே நல்லது.

யோகாசனப் பயிற்சியில் வரும் பிராணாயாமம் இதைத்தான் பழக்குகிறது. ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை வரை சுவாசிக்கிறார். நிமிடத்துக்கு 6 தடவை சுவாசிக்கும்போது, காபனீரொட்சைட்டு கூடினாலும் ஒட்சிசன் குறைந்தாலும் இத்தெறிவினை காட்டும் வேகம் தணிகிறது என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2001இல் எழுதினார்கள். தெறிவினை அழிந்துவிடுவதில்லை, அதன் பதற்றம் மட்டுமே குறைகிறது.

அதே ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வில் 23 பேர் பங்குபற்றினர். கத்தோலிக்கரின் செபமாலைச் செபத்தை இலத்தீனில் சொன்னபோதும், யோக மந்திரத்தைச் சொன்னபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகக் குறைந்தது. குருதியமுக்கத்தைச் சீராக்கும் தெறிவினையும் இரண்டிலும் மேம்பட்டது. மூச்சின் மெதுவான தாளமே இதற்குக் காரணம் என்பது தெளிவு. யோகா என்ற பெயரைக் கேட்டுத் தயங்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். எண்ணி மூச்சு விடுவதற்கு மந்திரம் எதுவும் தேவையில்லை.

நிமிர்ந்து அமருங்கள். 4 விநாடிகள் மூக்கால் உள்ளெடுத்து, 6 விநாடிகள் மெல்ல வெளியே விடுங்கள். 5 நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். தொய்வு உள்ளவர்கள் இதை நம்பி இன்ஹேலரைக் கைவிடக் கூடாது. நீருக்குள் மூழ்குமுன் வேகவேகமாக மூச்செடுக்கவும் கூடாது. காபனீரொட்சைட்டு குறைந்துவிட்டால் எச்சரிக்கை பிந்தி வரும். அதற்குள் மயக்கம் வந்துவிடலாம்.

இந்தப் பயிற்சியைப் பரீட்சை நாளன்று புதிதாகத் தொடங்காமல் இன்றிலிருந்தே பழகுங்கள், தோழிகளே. பழகிய மூச்சுத்தான் பதற்றத்தில் கைகொடுக்கும்.