ஓடும் ரயிலும் ஏறும் நிழலும்

கனடாவின் மேற்குக் கோடியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இருக்கிறது. அங்கே பிரேசர் ஆறு மலைகளை அறுத்துக்கொண்டு தெற்கு நோக்கிப் பாயும் ஓர் இடுக்கில், இரு கரைகளிலும் ரயில் பாதைகள் செல்கின்றன. நிலக்கரி, தானியம், பொட்டாஷ் உரம் ஆகியவற்றை ஏற்றிய சரக்கு ரயில்கள் இவ்வழியே வான்கூவர் துறைமுகத்தை அடைகின்றன. அவற்றைப் படம் பிடிக்கக் காமிராவுடன் நாமும் போவோமா? (மனத்தளவில்தான்!)

பாறை உருளும் இந்த இடுக்கில் ஏன் பாதை போட்டார்கள்? 100 டன் எடையுள்ள வாகன் ஒன்றைச் சமதளத்தில் இழுக்க, 150 முதல் 200 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். 100 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் பாதையிலோ, அதற்கு மேலும் 1,000 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும்! மலையினூடே மென்சரிவான வழியை ஆறு முன்பே வெட்டி வைத்திருந்தது. கனடியன் பசிபிக் கம்பெனி 1880களில் மேற்குக் கரையைப் பிடித்துக்கொண்டது. 1915இல் பாதையை முடித்த கனடியன் நார்தர்ன் கம்பெனிக்குக் கிழக்குக் கரைதான் மிஞ்சியது. இன்று கடலை நோக்கிப் போகும் வண்டிகள் பெரும்பாலும் கிழக்குக் கரையிலும், திரும்பி வருபவை மேற்குக் கரையிலும் ஓடுகின்றன. நமக்கு இது மிகவும் வசதி.

ஏன் என்கிறீர்களா? வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது எனக் கொள்வோம். ஷட்டர் 1/125 நொடி திறந்திருந்தால், அதற்குள் வண்டி 13 செ.மீ. நகர்ந்துவிடும். 50 மி.மீ. லென்சுடன் 50 மீட்டர் தொலைவில் நின்றால் பிம்பம் 1,000 மடங்கு சிறியது. ஆகவே பிம்பம் 0.13 மி.மீ. நகரும். படத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் 1.3 மி.மீ. கலங்கல்! எதிர்க்கரையில், 300 மீட்டர் தள்ளி நில்லுங்கள். பிம்பம் 6,000 மடங்கு சிறியது, நகர்வு 0.02 மி.மீ. அளவே. அதே ஷட்டர், அதே ரயில், ஆனால் படம் தெளிவு. வண்டி முழுவதும் படத்தில் அடங்காது என்பது உண்மைதான். அகலம் 200 மீட்டர் சொச்சமே கிடைக்கும். இங்கே 2 கிலோமீட்டரை மிஞ்சும் வண்டிகள் உண்டு. ஆற்றின் வளைவுகளைத் தேடிப் போவது இதனால்தான்.

எதிர்க்கரையில் நிற்க வேறொரு காரணமும் உண்டு. பாதையோரம் அத்துமீறிய இடம் மட்டுமல்ல, ஆபத்தான இடமும்கூட. ரயிலின் ஓசை எதிர்ச்சுவரில் பட்டு எதிரொலிப்பதால், அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது சரியாகச் சொல்லாது.

இனி வெளிச்சம். இடுக்கு வடக்குத் தெற்காகக் கிடப்பதால், காலை வெயில் மேற்குக் கரையிலும் மாலை வெயில் கிழக்குக் கரையிலும் விழும். சரக்கு ஏற்றிய வண்டிதான் வேண்டுமென்றால் பிற்பகலில் காத்திருக்க வேண்டும். ஆனால் அப்போது மேற்கு மலையின் நிழல் ஆற்றைத் தாண்டிக் கிழக்குக் கரையில் ஏறத் தொடங்கியிருக்கும். தண்டவாளம் ஆற்றுக்கு அருகில் இருப்பதால் முதலில் மூழ்குவது அதுதான். திறந்த வானத்தின் கீழுள்ள நிழலில் ஒளி வெயிலில் இருப்பதன் எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 1/500 நொடியில் எடுத்திருக்க வேண்டிய படத்துக்கு 1/60 நொடி தேவைப்படும். அதற்குள் ரயில் 28 செ.மீ. ஓடிவிடும்! டிஜிட்டல் காமிராவில் ஐ.எஸ்.ஓ. எண்ணை எட்டு மடங்கு உயர்த்தலாம். மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றலாம். மேலே வெயில் காயும் பாறையும் கீழே கறுத்த ரயிலும் ஒரே படத்தில் அமைவது அதைவிடக் கடினம். நம் கண்போலக் காமிராவால் இரண்டையும் ஒருங்கே சமாளிக்க இயலாது.

போதாக்குறைக்கு, பாறை விழும் இடங்களில் பாதையோரம் மின்கம்பி வேலி உண்டு. கல் விழுந்து கம்பி அறுந்தால் மின்சுற்று முறிந்து, சிக்னல் தானே சிவப்பாகிவிடும். வண்டி நின்றுவிடும், நிழல் நிற்காது.

லிட்டன் ஊருக்குத் தெற்கே சிஸ்கோ என்னுமிடத்தில் இரு பாலங்களைக் காண்பீர்கள். அங்கே இரண்டு பாதைகளும் கரை மாறிக்கொள்கின்றன. அதற்கு வடக்கே லிட்டன் வரை, காலை மாலைக் கணக்கை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.