அங்கன்வாடியின் நாள் ஒழுங்கும் பாடத்திட்டமிடலும்: சிறுவாச்சூர்ச் சூழலை முன்வைத்து

முன்னுரை

தொடக்கப்பள்ளியின் கால அட்டவணை மணியொலியைச் சார்ந்தது. முன்பருவ வகுப்பின் அட்டவணை நிகழ்வுகளின் வரிசையைச் சார்ந்தது. மூன்று வயதுக் குழந்தைக்குப் ‘பத்தரை மணி’ என்பது பொருளற்ற சொல். பாட்டு முடிந்ததும் கை கழுவுதல், பின்னர் உணவு, அதன்பின் உறக்கம் என்னும் தொடரே அதற்குக் காலம். பெரம்பலூர் மாவட்டம் சிறுவாச்சூர் போன்ற ஊர்களின் அங்கன்வாடிகளில் இத்தொடரைப் பாடத்துடன் எவ்வாறு இணைக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உணவும் பாடமும்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பெற்றது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டம் 2 முதல் 5 வயதுவரையுள்ள குழந்தைகளையும் உள்ளடக்கியது. எனவே இங்கு வகுப்பறை உணவைச் சுற்றியே வளர்ந்தது. உணவுவேளையைப் பாடத்தின் இடைவேளையாகக் கருதும் திட்டமிடல் இவ்வரலாற்றுக்குப் பொருந்தாது. தட்டுகளை எண்ணி வைப்பதும், தன் முறைக்குக் காத்திருப்பதும், வேண்டியதைச் சொல்லிக் கேட்பதும் கற்றலே.

ஓரறையில் பல வயது

இரண்டு வயதுக் குழந்தையும் ஐந்தை எட்டும் குழந்தையும் ஒரே பணியாளரிடம் பயில்கின்றனர். இதனைக் குறையாகவே நோக்குவோர் பலர். ஆயின் மரியா மாண்டிசோரி 1907இல் உரோமில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலும் பல வயதினர் ஒன்றாகவே பயின்றனர். வயதுக்கொரு பாடம் வகுப்பதைவிட, ஒரு பொருளைப் பல படிகளில் வகுப்பதே இங்கு இயலக்கூடியது. பெரம்பலூர்ப் பகுதியில் மிகுதியாக விளையும் சின்ன வெங்காயம் இதற்கு ஏற்ற சான்று. இளைய குழந்தை சருகைத் தொட்டு, உரித்து, மணம் அறியும். நான்கு வயதுக் குழந்தை பெரியது, சிறியது எனப் பிரிக்கும். மூத்த குழந்தை ஐந்தைந்தாகக் கூறுகட்டி எண்ணும். வேர், தாள் எனப் பெயரிட்டு வரையும். ஒரு கூடையளவு வெங்காயமே கற்றல் கருவி. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்னும் மாநிலக் கலைத்திட்டம் கருப்பொருள் அடிப்படையில் அமைந்தது. அக்கருப்பொருளை ஊரின் பொருள்களால் நிரப்புவது பணியாளரின் உரிமையும் கடமையுமாகும்.

ஊரின் கிழமைகள்

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்கள், வெள்ளிக் கிழமைகளிலும் சிறப்பு நாள்களிலும் மட்டுமே நடை திறக்கும். கிழமைப் பெயர்களை அறியுமுன்பே கூட்டத்தைக் கொண்டு அந்நாள்களைக் குழந்தை அடையாளம் காணக்கூடும். கோயிலைப் பாடமாக்க வேண்டும் என்பதன்று கருத்து. ‘நேற்று’, ‘நாளை’ போன்ற அருவச் சொற்களைக் கற்பிக்க, ஏழு படங்கள் கொண்ட கிழமைப் பட்டை ஒன்றில் இவ்விரு நாள்களும் உறுதியான அடையாளங்களாகும்.

உறக்கவேளைச் சிக்கல்

2019 சனவரியில் அரசு நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பெற்றன. இத்தகைய வகுப்புகளில் பாடவேளைப் பிரிப்பும் எழுத்துப் பயிற்சியும் முந்திக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி. மணலில் விரலால் கோடு இழுக்காத கைக்குப் பென்சில் சுமையே.

மூத்த குழந்தைகளின் எழுத்தாயத்தத்துக்கு உண்மையில் உகந்த வேளை, இளையோர் உறங்கும் நண்பகல். உறங்காத மூன்று, நான்கு பேருடன் அமைதியாக அமர இயலும் வேளை நாளில் வேறில்லை. ஆனால் பணியாளர் பதிவேடுகளை எழுதுவதற்கும் அவ்வேளையே வாய்க்கிறது. எந்தப் பாடத்திட்டமும் இம்மோதலைத் தீர்க்காது. பதிவேடுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே தீர்க்கும்.