சாவி கைக்கு வந்தால் கார் சொந்தமாகி விடுமா?

கொடுமுடி. காவிரிக் கரை. மகுடேசுவரர் கோவில்.

நல்ல நாள் பார்த்துக் கார் வாங்கியவர்கள் இங்கே பூசைக்கு வருவார்கள். காருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம் பழம்.

இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் பளபளப்பு. இரண்டுக்கும் மாலை.

"மாமா, வண்டி புதுசுங்களா?"

"இல்லீங்க மாப்பிள்ளை. அஞ்சு வருசம் ஓடின வண்டி. புதுசு வாங்கக் கட்டுபடி ஆகலீங்க."

ஒன்று புதுக் கார். மற்றது பழைய கார். பூசை ஒன்றுதான். ஆனால் செலவு ஒன்றல்ல. ஆபத்தும் ஒன்றல்ல.

கார் வாங்குவது என்பது ஒரு குடும்பத்துக்குப் பெரிய காரியம். வீடு, கலியாணம் இவற்றுக்கு அடுத்த செலவு அதுதான். மஞ்சள் விற்ற பணம் அதில் போகும். தேங்காய் விற்ற பணம் போகும். பிறகு மாதா மாதம் தவணை வேறு.

அப்படி வாங்கும் காரை எப்படிப் பார்த்து வாங்குவது?

வேகமான குடும்பக் கார்

சிறிய கார் உண்டு. ஜீப் போல உயரமான கார் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு வகை இருக்கிறது. அதுதான் "செடான்."

முன்னால் என்ஜின். நடுவில் ஐந்து பேர் உட்கார இடம். பின்னால் நீண்ட டிக்கி. கலியாணத்துக்குப் போனால் பெட்டி, சீர்த்தட்டு எல்லாம் டிக்கிக்குள் அடங்கும்.

தாழ்வான கார் என்பதால் வளைவில் அதிகம் சாயாது. தரையைப் பிடித்து ஓடும். அதனால்தான் வேகத்தை விரும்புகிறவர்கள் செடானை விரும்புகிறார்கள். "பாட்டிக்கும் சுகம், பேரனுக்கும் வேகம்" என்பது இதன் பெருமை.

அந்த வேகம் எவ்வளவு?

அம்பாசிடர் காரை அறியாதவர் இல்லை. 1957 முதல் 2014 வரை வந்த கார். அதன் பழைய ஒன்றரை லிட்டர் பெட்ரோல் என்ஜினுக்குச் சுமார் 50 குதிரைச் சக்திதான்.

2023-ம் ஆண்டு ஹுண்டாய் வெர்னா என்ற செடானின் புதிய மாடல் வந்தது. சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் செய்த கார். அதிலும் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் என்ஜின்தான். ஆனால் "டர்போ" வைத்த வெர்னாவுக்கு 160 குதிரைச் சக்தி!

மூன்று மடங்கு சக்தி எங்கிருந்து வந்தது?

என்ஜினிலிருந்து வெளியே போகும் புகை ஒரு சிறிய சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரம் வெளிக் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடினால் எரிபொருளும் கூட எரியும். சக்தி பெருகும். இதுதான் டர்போ.

அந்தக் காலம் வேறு

1950-க்குப் பிறகு முப்பது ஆண்டுக் காலம் நம் நாட்டில் கார் வாங்குவது பெரும் பாடு. அம்பாசிடர், பியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு. இந்த மூன்றை விட்டால் வேறு கார் அநேகமாகக் கிடையாது.

பணம் கட்டிவிட்டு வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர்கள் பழைய காரை வாங்கினார்கள். அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. புதுக் காரை விடப் பழைய காருக்கு விலை அதிகம் கேட்டார்கள்!

1990-க்குப் பிறகு நிலைமை மாறியது. 1998-ல் ஹோண்டா சிட்டி வந்தது. 1999-ல் போர்டு ஐகான் வந்தது. செங்கல்பட்டுப் பக்கம் மறைமலைநகரில் செய்த கார் அது. வேகக் கார் என்று இளைஞர்கள் கொண்டாடினார்கள்.

அந்தப் போர்டு கம்பெனி 2021-ல் "இந்தியாவில் இனி கார் செய்வதில்லை" என்று அறிவித்தது. 2022-ல் மறைமலைநகரில் கார் உற்பத்தி நின்றது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. பழைய கார் வாங்கும்போது காரை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு உதிரி பாகம் ஈரோட்டிலோ கோவையிலோ கிடைக்குமா? நன்றாக வேலை தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா? இதை முதலில் கேட்க வேண்டும்.

புதுக் கார்: பத்து லட்சம் பதினாறரை ஆகும் கதை

புதுக் காரில் ஏமாற்று குறைவு. ஆனால் வரி அதிகம்.

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. வரி மாறியது. நான்கு மீட்டருக்குள் இருக்கும் சிறிய என்ஜின் காருக்கு 18 சதவீதம். நான்கு மீட்டரைத் தாண்டினால் 40 சதவீதம். பல செடான் கார்கள் நான்கு மீட்டரைத் தாண்டும்.

கம்பெனி விலை 10 லட்சம் ரூபாய் என்று வையுங்கள். ஜி.எஸ்.டி. 4 லட்சம். ஆகக் கடை விலை 14 லட்சம்.

அதோடு முடியவில்லை. தமிழ்நாட்டில் சாலை வரி ஒரே தடவையாகக் கட்ட வேண்டும். 2023 நவம்பரில் அந்த வரி உயர்ந்தது. 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம். 10 லட்சம் முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம்.

கடை விலை 14 லட்சத்துக்கு 18 சதவீதம் என்றால் 2 லட்சத்து 52 ஆயிரம்.

ஆக, 10 லட்ச ரூபாய்க் கார் 16 லட்சத்து 52 ஆயிரம் ஆகிவிட்டது! இன்சூரன்சு தனி. புதுக் காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்சை மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும்.

ஆகையால் கடைக்காரர் சொல்லும் முதல் விலையைக் கேட்டு மயங்காதீர்கள். "வண்டி ரோட்டுக்கு வர மொத்தம் எவ்வளவுங்க?" என்று கேளுங்கள். அதை எழுதி வாங்குங்கள்.

பழைய கார்: வரி இல்லை, வேலை உண்டு

பழைய காருக்கு அந்தச் சாலை வரி இல்லை. முதலில் வாங்கியவர் கட்டிவிட்டார். தமிழ்நாட்டுக் காராக இருந்தால் அந்த வரி காரோடு வரும்.

விலையும் இறங்கியிருக்கும். இன்சூரன்சு கம்பெனிகள் ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. ஓராண்டு தாண்டினால் கார் மதிப்பில் 20 சதவீதம் கழிப்பார்கள். மூன்று ஆண்டு தாண்டினால் 40 சதவீதம். நான்கு ஆண்டு தாண்டினால் 50 சதவீதம். அதாவது பாதி!

இன்சூரன்சு வேலைக்கான கணக்குதான் இது. சந்தையில் கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் பேரம் பேச இது ஓர் அளவுகோல்.

ஒன்றை மறக்கக் கூடாது. பெங்களூரிலும் கேரளத்திலும் விலை குறைவு என்று சிலர் ஓடுகிறார்கள். வெளி மாநிலக் காரை இங்கே கொண்டுவந்து நிரந்தரமாக ஓட்டினால் தமிழ்நாட்டுக்கு மறுபடியும் வரி கட்ட வேண்டும். அந்த மாநில ஆர்.டி.ஓ. ஆபீசில் "ஆட்சேபணை இல்லை" என்ற சான்றும் வாங்க வேண்டும். அதன் பெயர் படிவம் 28. இவற்றை எல்லாம் கூட்டிப் பார்த்தால் "மலிவு" மறைந்து போகலாம்.

காலையில் போய்ப் பாருங்கள்

பழைய காரைப் பார்க்கக் காலையில் போங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பச் சொல்லுங்கள். சூடேறிய என்ஜின் குறையை மறைக்கும்.

புகையைப் பாருங்கள்.

நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. டர்போ கெட்டாலும் இப்படி வரும். கறுப்புப் புகை வந்தால் எரிபொருள் வீணாகிறது. கெட்டியான வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் என்ஜினுக்குள் தண்ணீர் போகிறது.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். பால் கலந்த காபி போல இருக்கிறதா? பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

டயரைப் பாருங்கள். பக்கத்தில் நான்கு எண் இருக்கும். "2319" என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் செய்த டயர்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய காராக இருக்கலாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் கார்கள் மூழ்கின. வெள்ளத்தில் நின்ற கார் கழுவித் துடைத்து வேறு ஊரில் விலைக்கு வரக்கூடும். சீட்டுக்கு அடியில் துரு இருக்கிறதா, கம்பளத்தில் ஈர வாடை அடிக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு ஐந்து பேர் ஏறுங்கள். தார் ரோட்டில் மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள். உங்கள் தோட்டத்துக்குப் போகும் இட்டேரியில் ஓட்டிப் பாருங்கள். செடான் தாழ்வான கார். அடி தட்டுகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது.

ஒரு கையெழுத்தின் விலை

கார் நன்றாக இருக்கிறது. விலை படிந்தது. பணம் கொடுத்தாயிற்று. சாவி கைக்கு வந்துவிட்டது.

கார் சொந்தமாகி விட்டதா?

இல்லை!

வடநாட்டில் 2009-ல் ஒரு விபத்து நடந்தது. ஒரு கார் பின்னோக்கி வந்து மோதியது. ஒருவர் இறந்தார். ஒரு பெண் காயம் அடைந்தார்.

நஷ்ட ஈடு யார் கொடுப்பது?

ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர், "நான் 2007-லேயே காரை விற்றுவிட்டேன்" என்றார். வாங்கியவர், "நானும் விற்றுவிட்டேன்" என்றார். கார் கைமாறிக் கைமாறிப் போயிருந்தது. ஆர்.சி.யில் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர். நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு!

காரை விற்றுப் பல மாதம் ஆனவர். விபத்தைக் கண்ணால் காணாதவர். அவர் தலையில் பணச் சுமை விழுந்தது. விற்கிறவர் கவனிக்க வேண்டிய சேதி இது.

வாங்குகிறவருக்கும் ஆபத்து உண்டு. இன்சூரன்சு பழைய சொந்தக்காரர் பெயரிலேயே இருந்தால், உங்கள் கார் நொறுங்கிய செலவுக்குக் கம்பெனி பணம் தர மறுக்கலாம். வண்டி வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்சைப் பெயர் மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை இவைதான்:

விற்கிறவர் படிவம் 29-ல் கையெழுத்துப் போட வேண்டும். அதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

பெயர் மாற்ற மனு படிவம் 30. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றக் கேட்க வேண்டும்.

கார் மேல் கடன் இருந்தால் பாங்கியிலிருந்து "கடன் தீர்ந்தது" என்ற கடிதம் வேண்டும். ஆர்.சி.யில் கடனை நீக்கப் படிவம் 35 வேண்டும்.

ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் காரில் உள்ள எண்களும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். அரசாங்கத்தின் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்சு எதுவரை என்பது போன்ற விவரங்கள் செல்போனிலேயே தெரியும்.

வியாபாரியிடம் வாங்கினால் அவருக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அந்த விதி இருக்கிறது.

"நம்ம பையன்தான், அப்புறம் மாத்திக்கலாம்" என்று விடாதீர்கள். சொந்தக்காரராக இருந்தாலும், சிநேகிதராக இருந்தாலும் கையெழுத்துதான் முக்கியம்.

வேகத்துக்கு ஓர் இடம்

கார் வந்துவிட்டது. பிளஸ் டூ படிக்கும் மகன் சாவியைப் பார்க்கிறான்.

"அப்பா, ஒரே ஒரு ரவுண்டு!"

கொடுக்காதீர்கள். 18 வயது ஆகாத பிள்ளை கார் ஓட்டி வழக்கானால், 2019-ல் திருத்திய சட்டப்படி தகப்பனாருக்கு மூன்று வருடம் வரை சிறை. 25 ஆயிரம் ரூபாய் அபராதம். காரின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்சு கிடையாது!

கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-ல் "பார்முலா ஒன்" பந்தயத்தில் ஓட்டினார். அப்படி ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் பந்தயத் திடலும் இருக்கிறது. வேகத்துக்கு உரிய இடம் அதுதான்.

ஈரோடு – கரூர் சாலை பந்தயத் திடல் அல்ல. அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிறார்கள். கரும்பு வண்டி போகிறது. 160 குதிரை இருந்தாலும் கடிவாளம் உங்கள் காலில் இருக்கிறது.

கோவிலுக்கு எப்போது?

மறுபடியும் கோவில் வாசலுக்கு வருவோம்.

புதுக் காரா, பழைய காரா? தவணையைச் சிரமம் இல்லாமல் கட்ட முடிந்தால் புதுக் கார். முடியாவிட்டால் நன்றாகப் பார்த்த பழைய கார். இரண்டிலும் தாழ்வு இல்லை.

ஆனால் பூசைக்கு நாள் குறிக்கும் முன்பு ஆர்.சி.யை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

அதில் உங்கள் பெயர் ஏறிவிட்டதா? இன்சூரன்சிலும் ஏறிவிட்டதா?

ஏறிவிட்டால் எலுமிச்சம் பழம் வையுங்கள். கார் இப்போதுதான் உங்களுடையது!