அவிழ்த்துப் பார்த்துக் கற்ற "ஈ" வித்தை!

மீன் பிடிக்க என்ன வேண்டும்? தூண்டில் வேண்டும். முள்ளில் கோக்க ஒரு மண்புழு வேண்டும். நம் ஊர்க் குளத்து மீனுக்கு அது போதும்.

"டிரவுட்" என்று ஒரு மீன் இருக்கிறது. குளிர்ந்த ஓடைகளில் வாழ்வது. (வெள்ளைக்காரர்கள் காலத்தில் நம் நீலகிரி ஓடைகளிலும் இதைக் கொண்டுவந்து விட்டார்கள்.) வசந்த காலத்தில், தண்ணீர் மேல் மிதந்து வரும் சிறு பூச்சிகளை இது எம்பிப் பிடித்துத் தின்னும். ஆகவே, பூச்சியைப் போலவே ஒரு பொய் ஈயைச் செய்து, தூண்டிலில் கட்டி வீசுகிறார்கள். அந்த ஈ, விரல் நகம் அளவுதான் இருக்கும். ஒரு முள், கொஞ்சம் இறகு, கொஞ்சம் முடி, நூல். அவ்வளவுதான். ஆனால் அதைக் கட்டும் வித்தையை, கைதேர்ந்தவர்கள் பரம ரகசியமாக வைத்திருந்த காலம் ஒன்று உண்டு.

கடல் கடந்து வந்த ஈ

அமெரிக்காவில், நியூயார்க் நகரத்துக்கு வடமேற்கே கேட்ஸ்கில் மலைகள் இருக்கின்றன. அங்கே தியோடர் கார்டன் என்பவர் வாழ்ந்தார். நோயாளி. தனிமையை விரும்புகிறவர். இங்கிலாந்தில் பொய் ஈ பற்றி நூல் எழுதிய ஹால்போர்டு என்பவருக்கு அவர் கடிதம் போட்டார். 1890-ம் ஆண்டு ஹால்போர்டு மாதிரி ஈக்களை அனுப்பி வைத்தார்.

அழகான ஈக்கள்தான். ஆனால் அவை இங்கிலாந்துப் பூச்சிகளின் சாயலில் செய்தவை. கேட்ஸ்கில் ஓடையில் பறக்கும் பூச்சி வேறு! கார்டன் ஓடைக்கரையில் உட்கார்ந்து உள்ளூர்ப் பூச்சிகளைக் கவனித்தார். வசந்தத்தில் முதலில் கிளம்பும் ஒரு சாம்பல் நிறப் பூச்சியைப் போலப் புது ஈ ஒன்றைக் கட்டினார்.

அதன் உடம்புக்கு எதைப் பயன்படுத்தினார் தெரியுமா? மயில் தோகையை! தோகைக் கண்ணிலிருந்து ஓர் இழையை எடுத்து, அதன் பஞ்சை உருவிவிட்டால், கருப்பும் வெளுப்புமாகக் கோடு போட்ட தண்டு கிடைக்கும். அதை முள்ளில் சுற்றினால், பூச்சியின் வயிற்று வரிகள் அப்படியே தெரியும். கழுத்தில் சாம்பல் நிறச் சேவலின் இறகு. அந்த இறகு கால்களைப் போல விரிந்து நின்று, ஈயை முழுகாமல் மிதக்க வைக்கும்.

கார்டனிடம் கற்றுக் கொண்டவர் ராய் ஸ்டீன்ராட். கார்டன் 1915-ல் காலமானார். அடுத்த ஆண்டு ஸ்டீன்ராட் ஒரு நண்பருடன் மீன் பிடிக்கப் போனார். ஆற்றில் பூச்சிகள் மொய்த்தன. ஒன்றைப் பிடித்துப் பார்த்து, அதே போல ஓர் ஈயைக் கட்டினார். நண்பரின் பெயரான "ஹென்ட்ரிக்சன்" என்பதையே அதற்கு வைத்தார். இதன் உடம்புக்குப் பெண் நரியின் வயிற்று முடி! சிறுநீர் பட்டு இளஞ்சிவப்பாக மாறிய முடிதான் வேண்டுமாம். யாருக்குத்தான் இதெல்லாம் தோன்றுமோ!

"சொல்லித் தர மாட்டேன்!"

அந்த வட்டாரத்தில் ரூப் கிராஸ் என்ற ஈ கட்டுகிறவர் இருந்தார். நல்ல ஆகிருதி. பெரிய கைகள். ஆனால் அந்தக் கைகள் கட்டிய ஈக்களோ மிக நேர்த்தியானவை.

ராஸ்கோ என்ற சிற்றூரைச் சேர்ந்த வால்ட் டெட்டி என்ற இளைஞர் அவரிடம் போனார். 50 டாலர் தருவதாகவும், தொழிலைக் கற்றுத் தரும்படியும் கேட்டார். அன்றைக்கு அது பெரிய பணம். கிராஸ் மறுத்துவிட்டார். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அவருக்கும் அதுதானே சோறு!

வால்ட் சும்மா இருக்கவில்லை. அந்தப் பணத்துக்குக் கிராஸ் கட்டிய ஈக்களையே விலைக்கு வாங்கினார். அவரும், பின்னால் அவருக்கு மனைவியான வின்னியும், நண்பர் ஹாரி டார்பியும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். காசு கொடுத்து வாங்கிய ஈக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். நூல் எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது? எத்தனை சுற்று? இறகை எங்கே பிடித்திருக்கிறது? ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்துப் பார்த்தார்கள். பிறகு அதே போலத் திருப்பிக் கட்டிப் பழகினார்கள். பிரித்த ஈ பிரித்ததுதான். அதை மறுபடியும் விற்க முடியாது.

1928-ல் வால்டும் வின்னியும் ஈ விற்கத் தொடங்கினார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் பொருளாதார மந்தம். வேலை இல்லாமல் லட்சக் கணக்கானவர்கள் தவித்தார்கள். டெட்டி குடும்பத்துக்கு இறகும் நூலும் சோறு போட்டன. டார்பியும் ஈ கட்டுவதையே தொழிலாகக் கொண்டார். நல்ல சாம்பல் நிற இறகு கிடைப்பது அரிதாக இருந்ததால், அவர் அதற்கென்றே சேவல்களை வளர்த்தார்!

ரகசியம் என்ன ஆயிற்று? சொல்லித் தர மறுத்த அதே கிராஸ், 1936-ல் ஈ கட்டும் முறையை விளக்கி ஒரு புத்தகமே எழுதி வெளியிட்டார்! அப்போது டெட்டி தம்பதிகளுக்கு அந்தப் புத்தகம் தேவைப்படவில்லை.

வால்டும் வின்னியும் முதுமை வரை ஈ கட்டினார்கள். அவர்கள் மகள் மேரி தாய் தந்தையிடமே தொழிலைக் கற்றார். அவருக்கு எதையும் அவிழ்த்துப் பார்க்கும் வேலை இருக்கவில்லை.