ஓடினால் சரியாகுமா இந்த நீலப் புகை?

காலை ஆறு மணி. ரத்தோட்டைக் குளிரில் காரை ஸ்டார்ட் பண்ணுகிறீர்கள். சைலன்சரிலிருந்து குப்பென்று நீலமாக ஒரு புகை. ஐந்தாறு வினாடிதான், பிறகு ஒன்றுமில்லை. எஞ்சின் செய்து மூன்று கிழமைகூட ஆகவில்லை. கராஜுக்குப் போன் எடுத்தால், "புது ரிங்தானே சேர், ஓட ஓடச் சரியாகும்" என்கிறார் பாஸ்.

மாத்தளையில் எனக்குக் கிடைத்ததும் இதே பதில்தான். நம்பி நான்கு மாதம் ஓடினேன். புகை போகவில்லை, போனது முறையிடுவதற்கான காலம்தான்.

பாஸ் சொன்னதில் பாதி உண்மை. புது ரிங் சிலிண்டர் சுவரில் படிவதற்குச் சில நூறு கிலோமீற்றர் வேண்டும். அதுவரை கொஞ்சம் ஒயில் எரியும். எஞ்சின் பூட்டும்போது பூசிய ஒயிலும், பழைய சைலன்சரில் ஊறிக் கிடந்ததும் முதல் சில நாள் புகையும். இதற்குப் பொறுத்திருக்கலாம். அதற்காக வண்டியை மணிக்கணக்காக ஐட்லிங்கில் விடாதீர்கள். சுவர் கண்ணாடிபோல் மெருகேறி, ரிங் படியாமலே போய்விடும். ஏ-9 வீதியில் தம்புள்ளைப் பக்கம் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டி வருவதே நல்லது.

ஆனால் ரிங் குறையாக இருந்தால் புகை வண்டி இழுக்கும்போதுதான் அதிகம் வரும். ஏற்றத்தில் அழுத்தினால் பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடிப்பார். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஒரு வாய் புகைத்துவிட்டு அடங்கினால், முதலில் பார்க்க வேண்டியது வால்வ் சீல்.

அது சுண்டுவிரல் நுனியில் தொப்பிபோல மாட்டக்கூடிய ஒரு சின்ன ரப்பர். வால்வின் தண்டைக் கவ்விக்கொண்டு, ஹெட்டில் நிற்கும் ஒயில் கீழே இறங்காமல் தடுப்பது அதன் வேலை. ரப்பர் காய்ந்து கெட்டியானால், அல்லது பூட்டும்போது வால்வ் நுனியின் கூரான வெட்டில் பட்டுக் கிழிந்தால், இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஒயில் இறங்கும். காலையில் அதுதான் எரிகிறது. வால்வ் கைட் தேய்ந்திருந்தாலும் இதே கதைதான். அப்போது புதுச் சீல் போட்டும் அதிக நாள் தாங்காது. எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடினாலும் இது தானாகச் சரியாகாது.

நம் மலைப்பாதையே இதைச் சோதித்துக் காட்டும். ரிவஸ்டனிலிருந்து கியரில் பிடித்தபடி இறங்கி வாருங்கள். அக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது எஞ்சினுக்குள் உறிஞ்சல் கூடும்; தளர்ந்த சீல் வழியே ஒயில் உள்ளே போகும். இறக்கம் முடிந்து மறுபடி அழுத்தும்போது நீலமாக ஒரு வீச்சு வந்தால் சந்தேகம் வலுக்கிறது. வீட்டிலும் பார்க்கலாம்: ஓர் இரவு சமதரையில், அடுத்த இரவு மூக்குக் கீழே இருக்க, அதற்கடுத்த இரவு மூக்கு மேலே இருக்க நிறுத்துங்கள். சரிவுக்கேற்பப் புகை கூடிக் குறைந்தால், ஹெட்டில் தேங்கும் ஒயில்தான் ஆள். குளிரில் வரும் வெண்மையான நீராவியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். டீசல் வண்டியில் எரியாத டீசலும் குளிரில் வெளிர்ந்த புகையாக வரும். உங்கள் மூக்கே வாசனையில் வித்தியாசம் சொல்லும்.

கராஜில் கொம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி பார்க்கும்போது அளவு ஏறினால் குறை ரிங்கில். கொம்ப்ரஷன் நன்றாக இருந்தும் ஒரு பிளக் மட்டும் ஒயிலில் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரின் சீலைப் பாருங்கள். ஒயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கிறதா என்று டிப்ஸ்டிக்கைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பலரும் அதைச் செய்வதில்லை.

புகையோடு வாழப் பழகினால் இழப்பு மெதுவாக வரும். எரியும் ஒயிலிலுள்ள பொஸ்பரஸ் கட்டலிட்டிக் கொன்வேட்டரைக் கெடுக்கும். ஒயில் குறைவதைக் கவனிக்காவிட்டால் பெயரிங் போகும், அதோடு நீங்கள் கட்டிய மொத்தக் காசும். 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கிய புகைப் பரிசோதனையில் 'பாஸ்' ஆகிவிட்டதே என்று நிம்மதியடையவும் முடியாது. அது எஞ்சின் சூடான பிறகு செய்யும் சோதனை. காலையின் முதல் ஐந்து வினாடி அதில் பதியாது.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடமும் பழைய காரையே செய்து ஓட்டவேண்டியிருந்தது. அப்படிச் செய்துகொடுப்பவருக்குச் சட்டப் பொறுப்பு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும், போடும் சாமான் அந்த வேலைக்குப் பொருத்தமாக இருக்கும் என்ற உத்தரவாதம் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் அடங்கியிருப்பதாகச் சொல்கிறது. பில்லில் 'வாரண்டி இல்லை' என்று சீல் குத்திவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ணவேண்டாம்.

13ஆம் பிரிவின்படி வேலை முடிந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிடவேண்டும். விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ காசைத் திருப்பவோ உத்தரவிடும் அதிகாரம் அந்தச் சபைக்கு இருக்கிறது. 1977 என்ற இலக்கத்தில் வழி கேட்கலாம். அதற்கு முன் மத்தியஸ்த சபைக்கும் போகலாம். அங்கே சட்டத்தரணி கிடையாது, நீங்களே பேசலாம். ஆனால் அங்கே தவணை போகப் போக மூன்று மாதமும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை மறக்கவேண்டாம்.

இரண்டுக்கும் கையில் சான்று வேண்டும். காலைப் புகையைத் திகதி தெரியும்படி வீடியோ எடுங்கள். டிப்ஸ்டிக் அளவையும் கிலோமீற்றரையும் வாரந்தோறும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். 'புகை வருகிறது, பாருங்கள்' என்று கராஜுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். போனில் பேசியதை நிரூபிக்க முடியாது. கழற்றிய சாமான்களைத் திருப்பிக் கேளுங்கள். எஞ்சினையே மாற்றிவிட்டார்களோ என்று சந்தேகமிருந்தால் பதிவுச் சான்றிதழிலுள்ள எஞ்சின் இலக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

என் காரின் ஹெட்டைக் கடைசியில் வேறோர் இடத்தில் திறந்தோம். பதினாறு சீலும் பழையவை. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை. ஒன்று கையிலேயே உடைந்தது. முதல் கராஜின் பில்லை எடுத்துப் பார்த்தேன். 'எஞ்சின் வேலை, சாமான் உட்பட' என்று ஒரே வரி. புதுப் பில்லில் 'வால்வ் சீல் 16' என்று தனியாக எழுதச் சொல்லி வாங்கினேன்.