விலை கொடுத்தவன் குத்தகைக்காரனா?

நன்றாக இறைத்துக்கொண்டிருக்கும் பம்புசெட்டைக் காட்டி, “இதன் காலம் முடிந்தது, புதிது வாங்கு” என்று விற்றவனே வந்து நின்றால், திருவையாற்றுக் குடியானவர் என்ன பதில் சொல்வார்? ஏட்டில் அச்சிடத்தக்க பதிலாக இராது! அதே வார்த்தையைத்தான் மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ஆம் நாள் உலகத்துக்கே சொன்னது. உலகமும் கைகட்டிக் கேட்டுக்கொண்டது.

சொன்னது விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்தைப் பற்றி. பண்ணைக்குக் காரியஸ்தர் எப்படியோ, கணிப்பொறிக்கு இயங்குதளம் அப்படி. அதன் உத்தரவின்றி அங்கே ஒன்றும் அசையாது. 2015-இல் வந்த இந்தக் காரியஸ்தருக்கு அளித்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் அன்றோடு நின்றன. பொறி மறுநாளும் ஓடியது, உண்மைதான். ஆனால் புதிதாகத் தெரியவரும் ஓட்டையை அடைப்பவர் யார்? கன்னம் வைப்பவனுக்குத்தான் கொண்டாட்டம்!

விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்பீர்கள். மாறலாம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், கம்பெனியின் பட்டியலிலுள்ள செயலியும் இருந்தால்! 2018-க்கு முன் வாங்கிய பொறிகளில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இல்லை. கடன்பட்டு மகளுக்குக் கணிப்பொறி வாங்கித் தந்த ரைஸ்மில் தொழிலாளி என்ன செய்வார்? 30 டாலர் கட்டு, அல்லது எங்களிடம் கணக்குத் திறந்து உன் பொறியின் அமைப்புகளை எங்கள் கிடங்குக்கு அனுப்பு, 2026 அக்டோபர் வரை தவணை தருகிறோம் என்று அறிவித்தார்கள். என்ன தயாளம்!

வேலை நடுவே “திருத்தம் நடைபெறுகிறது, காத்திரு” என்கிறது திரை. பட்டியலைத் திறந்தால் விளம்பரம். வாடகையும் வாங்கிக்கொண்டு வீட்டுச் சுவரில் சுவரொட்டியும் ஒட்டுகிற வீட்டுக்காரரை எங்காவது கண்டதுண்டா?

இதற்கெல்லாம் வேர் ஒன்றுதான். அவர்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்: மென்பொருளை நாங்கள் விற்கவில்லை, பயன்படுத்த அனுமதி மட்டும் தருகிறோம் என்று எழுதியிருக்கும். இது தஞ்சைத் தரணிக்குத் தெரியாத பாஷையா? உழுதவன் ஒருவன், “இறங்கு வயலை விட்டு” என்றவன் ஒருவன். 1952-இல் தஞ்சை சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து அந்த அதிகாரத்துக்குக் கடிவாளம் இட்டது. அது சும்மா வரவில்லை, போராடிப் பெற்றது.

கணிப்பொறியில் அந்தக் குரலை எழுப்பியவர் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இவற்றின் உரிமம் சொல்வது யாதெனில்: எடுத்துக்கொள், பிரித்துப் பார், திருத்து, பிறருக்குக் கொடு, ஆனால் திருத்தியதைக் கொடுக்கும்போது அதே உரிமையையும் சேர்த்துக் கொடு. திருத்துறைப்பூண்டிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்! அங்கே நெல் ஜெயராமன் 2006-இல் தொடங்கிய நெல் திருவிழாவில் 2 கிலோ பாரம்பரிய விதை வாங்கியவர், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தந்தார். விதைக்குப் பூட்டுமில்லை, அதை முடக்கவும் வழியில்லை.

நம் நாட்டில் இல்லாததா இது? சென்னை சி-டாக் நிறுவனம் 2007-லேயே பாஸ் லினக்சை வெளியிட்டது. விண்டோஸ் எக்ஸ்பி 2014 ஏப்ரலில் கைவிடப்பட்டபோது, தமிழக சர்க்கார் தன் துறைகளை பாஸ் லினக்சுக்கு மாறச் சொன்னது. சொன்னது சரி, பழக்கித் தர ஆள் எங்கே? தாலுகா ஆபீஸ் எழுத்தர் தாமாகவா கற்றுக்கொள்வார்? கேரளத்தைப் பாருங்கள். பள்ளி ஆசிரியர்களைப் பழக்கினார்கள், பாடத்தையே அதில் அமைத்தார்கள். 2 லட்சம் பள்ளிக் கணிப்பொறிகளில் இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-இல் கணக்குச் சொன்னது அந்த மாநிலத்தின் கைட் நிறுவனம்.

தொல்லை இல்லாமலில்லை. பேஜ்மேக்கரையும் பழைய தமிழ் எழுத்துருக்களையும் நம்பிப் பிழைக்கும் கும்பகோணத்து அச்சகத்தாரை ஒரே நாளில் மாறச் சொல்வது அநியாயம். டாலியில் கணக்கெழுதும் கடைக்காரருக்கும் அப்படியே. கடிதம் எழுத, கணக்குப் போட, பிள்ளைகள் படிக்க என்றால் லினக்ஸ் மின்ட்டும் லிப்ரே ஆபீசும் தாராளமாகப் போதும். பத்தாண்டுப் பொறியிலும் ஓடும். காசும் கேட்பதில்லை.

ஆகவே தோழர்களே, சங்க ஆபீசில் தூசி படிந்த கணிப்பொறியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு பென் டிரைவில் லினக்சை ஏற்றி அதிலிருந்தே பொறியை எழுப்புங்கள். உள்ளே இருக்கும் கோப்பு எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்க்கலாம். அச்சுப்பொறி பேசுகிறதா, தமிழ் தட்ட வருகிறதா என்று ஒரு வாரம் சோதியுங்கள். பிறகு கோப்புகளுக்குப் படி எடுத்து வைத்துக்கொண்டு, நிரந்தரமாகவே மாற்றிவிடலாம்.